அறுக்காமல் அவிழ்த்தது

என் கழுத்தில் தாலி இல்லாமற்போனதைப் பற்றி இரண்டு கதைகள் எங்கள் சுற்றத்தில் உலவுகின்றன. என் கணவர் குடித்துவிட்டு அதைப் பிடுங்கினார் என்பது ஒன்று. அவர் குடிப்பதில்லை. நாங்கள் போகும் கிறித்தவச் சபையார் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. சபையில் எவரும் அதைத் தொட்டதில்லை. இவற்றைச் சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். தாம் அறியாத இடங்களைத் தமக்கு இயன்றவாறு நிரப்பிக்கொண்டவர்கள். அவர்களுக்கு மறுமொழியாக நானும் நினைவைக்கொண்டு அழகாக ஒன்றைக் கட்டினால் மூன்றாவது கதை பிறக்குமேயன்றி உண்மை தெளியாது. ஆகவே நானே கண்டதையும், நான் இல்லாத இடத்தில் நடந்தவற்றுள் உடனிருந்தவர்களைத் தனித்தனியே கேட்டு ஒத்துப்பார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன். என் கணவரும் என் அண்ணியும் ஒரே நிகழ்ச்சியை வேறுவேறாகச் சொல்லும் இடங்கள் உண்டு. கணவர் தனியே ஊருக்குப் போன அன்று அம்மா அவருக்குக் கொடுத்தது மோர் என்கிறார் அவர். காப்பி என்கிறார் அண்ணி. அப்படிப்பட்ட இடங்களை விட்டுவிட்டேன்.

நான் பெரியபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் பழைய இலக்கணங்களை முறையாகப் பாடங்கேட்டேன். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. என் கணவர் என் தாய்மாமன் மகன். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஃபிட்டர். அந்த வேலைக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்றை நான் பலமுறை சொல்லிப்பார்த்தும் அவர் ஏற்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கருவில் தங்கியவை இரண்டும் நிலைக்காமற்போயின. இரண்டாவது முறை நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாட்களில், உடன் வேலைசெய்த ஒருவர் அவரைச் சபைக்கு அழைத்துச் சென்றார். அங்கே எவரோ தெரியாத ஒருவர் தம் தோளில் கைவைத்து அழுதார் என்று வந்து சொன்னார். அதன்பின் அவர் போவதை நிறுத்தவில்லை.

சபை என்பது தகரக் கூரையிட்ட ஒரு கூடம். ஒரு பக்கம் கடைசல் பட்டறை, மறுபக்கம் நெடுஞ்சாலை. போதகர் முன்னர்க் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். குரலை உயர்த்தாமலே பட்டறை இரைச்சலுக்கு மேல் பேசத் தெரிந்தவர். நான் முதலில் கணவருக்குத் துணையாகவே போனேன். வேதத்தை ஒரு நூலாகவே கையில் எடுத்தேன். மொழிபெயர்ப்பில் சொற்புணர்ச்சி பிழைத்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன். பிழை தேடிப் படிக்கத் தொடங்கியவள் ஒரு கட்டத்தில் தேடுவதை மறந்துவிட்டேன். எந்தப் பக்கத்தில் மறந்தேன் என்பது பென்சிற் குறிகள் நின்ற இடத்தைப் பார்த்தால் தெரியும்.

சபையின் ஒழுங்குப்படி, வீட்டில் மாலை வேண்டுதலைக் கணவரே நடத்த வேண்டும். அவரே குடும்பத்தின் தலை. சொல்லை எடைபோட்டே பழகிய என் முன்னே அவர் வாய்திறக்க முதலில் கூசினார். பிறகு கூச்சம் போயிற்று. "ஆண்டவரே, இன்னிக்கு நாளு நல்லா போச்சி. கன்வேயரு மட்டும் ரெண்டு தபா நின்னுச்சி, அது உமக்கே தெரியும்" என்று தொடங்குவார். நான் கண்களை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். ஆனால் என் பள்ளியில் நான் பெயர் சொல்லிப் புலம்பிய மாணவர்களை அவர் ஒருவரையும் விடாமல் அந்த வேண்டுதலில் நிறுத்துவார். நான் சொன்னதை அவர் அத்தனை கவனமாகக் கேட்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கணவன் தலை, மனைவி கீழ்ப்படிய வேண்டியவள் என்னும் போதனை எனக்கு எளிதாக இறங்கவில்லை. அதை மறைக்கவேண்டிய தேவையும் இல்லை. ஒரு ஞாயிறு அதைப் பற்றிய பிரசங்கம் முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"கேட்ட இல்ல டீச்சரம்மா? இனிமே நான் சொல்றதுக்கு எதிர்ப்பேச்சு கெடையாது" என்றார்.

"கேட்டேன் மாமா. புருசன் பொண்டாட்டிக்காக உசுரையும் குடுக்கணும்னு சொன்னாரே, அது உங்க காதுல உழுந்துதா?"

"அப்போ ரோட்டுல லாரி ஒண்ணு ஆரன் அடிச்சிக்கினு போச்சி. சரியா கேக்கல."

"வேணும்னா அடுத்த வாரம் அவரையே இன்னொரு தபா சொல்லச் சொல்லலாம்."

"வாணாம் வாணாம். எனுக்கு ரெண்டு பங்கு பாரம், உனுக்கு ஒரு பங்கு. கணக்கு புரிஞ்சிது. பேசாம வா."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் அந்தப் போதனையில் தம்மிடம் கேட்கப்பட்டது என்னிடம் கேட்கப்பட்டதைவிடப் பெரிது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். சபையில் ஆண்கள் பலர் அந்தப் பகுதியைக் கேளாதவர்போல் எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழிந்தன. நான் திருமுழுக்குப் பெற விரும்பினேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. கணவர் தாம் பெற்று வெகுநாள் ஆகியும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நானாகவே போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் மகிழ்ந்தார், பிறகு சபையின் ஒழுங்கைச் சொன்னார். நீரில் இறங்கும் பெண் எந்த அணியும் இல்லாமல் இறங்க வேண்டும், பின்னரும் அணிவதில்லை. தோடும் வளையலும் எனக்குப் பொருட்டல்ல. தாலியும் அதில் அடக்கம் என்றபோதுதான் நான் தயங்கினேன்.

எனக்கு அந்தப் பொன்மீது பற்று இல்லை. என்னைத் தயங்கவைத்தவர் என் அம்மா. அப்பா இறந்தபின் அண்ணனோடும் அண்ணியோடும் ஊரில் இருந்தார். சர்க்கரை நோயால் கால் புண்ணாகி, நடை குறைந்து, பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சபைக்குப் போவதை அவர் தடுத்ததில்லை. "எந்தச் சாமியா இருந்தா இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா போறீங்க இல்ல" என்பார். ஆனால் எங்கள் ஊரில் வெறுங்கழுத்துக்குப் பொருள் ஒன்றுதான். அப்பாவின் பதினாறாம் நாள் மற்றப் பெண்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு செய்ததை அம்மா ஒருபோதும் பேசியதில்லை. அந்தக் கழுத்தோடு நான் அவர் முன் போய் நின்றால் அவருக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை. முழுக்கையும் விட மனமில்லை. அம்மாவையும் நோகடிக்க மனமில்லை.

பல நாள் எண்ணியும் வழி தெரியாமல், ஒரு மாலை கணவரிடம் சொன்னேன்: "நீங்கதான் தலை. நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க சொல்றபடி கேக்கறேன்."

அவர் உணவுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "இது இன்னா நியாயம்? புடவ எடுக்க, பாத்திரம் வாங்க, ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க எல்லாம் நீ முடிவு பண்ணுவ. நோவுற முடிவுன்னா மட்டும் நான் தலையா?"

"பிரசங்கத்துல அப்படித்தான சொன்னாங்க."

"சொன்னாங்க, சொன்னாங்க" என்று கையைக் கழுவப் போனார். போனவர் குழாயடியில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, "சரி, எங்கிட்ட உட்டுட்ட இல்ல? அப்புறம் ஏன் அப்படிப் பண்ணேன்னு கேக்கக்கூடாது" என்றார். அதற்குப்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேளாமல் இருந்தது எனக்குப் புதிய அனுபவம். ஏவலுக்கு அஞ்சி வாயடங்குவதைத்தான் கீழ்ப்படிதல் என்று எண்ணியிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு வாய்த்தது வேறு: என் மனத்தில் மிக நொந்த இடத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று எட்டிப்பாராமல் இருப்பது. அது அச்சத்தால் வருவதில்லை.

வேலை இல்லாத ஒரு நாள் அவர் என்னிடம் சொல்லாமல் ஊருக்குப் போனார். அங்கே நடந்ததை அவரிடமும் அண்ணியிடமும் பின்னர்க் கேட்டேன். இருவரும் ஒத்துச் சொன்னது இது.

அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என் கணவர் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊர்ச் செய்தி எல்லாம் பேசி முடித்து, கடைசியில் சொன்னார்.

"அத்தே, ஒரு விசயம் கேக்க வந்தேன். அவளுக்கு முழுக்கு எடுக்கணும்னு ஆச. அதுக்குக் கழுத்துல இருக்கறத கழட்டணும். உன் மனசு நோவுமேன்னு பயந்துக்கினு கீறா."

அம்மா, "அவ படிச்சவ. ஊருக்கே பாடம் சொல்றா. அவளுக்கு முடிவு பண்ணத் தெரியாதா?" என்றார்.

"என்னத்தான் பண்ணச் சொல்லிட்டா. நான் தலையாம்."

அம்மா சிரித்துவிட்டார். "உன்ன இடுப்புல தூக்கிக்கினு சுத்தினவ நானு. மூக்கச் சிந்தத் தெரியாது, என் முந்தானையிலதான் தொடப்ப. நீ தலையா?"

"அத்தொட்டுதான் உன்கிட்ட கேக்க வந்தேன்."

"நான் கூடாதுன்னா?"

"கூடாது. அவ்ளோதான். அவகிட்ட நானே வாணாம்னு முடிவு பண்ணேன்னு சொல்லிடுவேன். உன் பேரு வராது."

இந்த இடத்தை அண்ணி என்னிடம் இருமுறை சொன்னார். என் கணவர் இதை ஒருமுறையும் தாமாகச் சொல்லவில்லை. நான் கேட்டபின், ஆமாம் என்றார்.

அம்மா தம் கழுத்தைத் தடவிக்கொண்டு பேசினார். "நானும் கழட்டினவதான், நைனா. உங்க மாமாவுக்கு மஞ்சக்காமால முத்தி, டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. நேரா பெரியபாளையம் போனேன். கழுத்துல இருந்தத கழட்டி அம்மா உண்டியல்ல போட்டேன். இத எடுத்துக்கோ, ஆள உட்டுடுன்னு கேட்டேன். மனுசன் எழுந்து வந்து பல வருசம் ஏர் ஓட்டினாரு. புருசன் உசுருக்காகக் கழட்டறது எங்களுக்கும் தெரியும். ஆனா எங்க அம்மா வெறுங்கழுத்தோட அனுப்ப மாட்டா. அங்கயே மஞ்ச கயிறு கட்டிக்கினுதான் வருவோம். உங்க சாமி இன்னா கட்டி அனுப்புவாரு?"

"ஒண்ணும் கட்ட மாட்டாரு அத்தே."

"அதான் எனுக்குக் கஷ்டமா கீது" என்றார் அம்மா.

பெரியபாளையத்து அம்மனிடம் பெண்கள் தாலியைக் காணிக்கையாக்கும் அவ்வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. என் அம்மாவும் அதைச் செய்தவர் என்பதை நான் அதுவரை அறியேன்.

மாடு கத்தியது; அண்ணி எழுந்துபோய்த் திரும்பி வந்தார். அதற்கிடையில் பேசியது எனக்குத் தெரியாது; கணவரோ அவ்விடத்தில் இருவரும் பேசாமலே இருந்ததாகச் சொல்கிறார். அண்ணி வந்தபோது அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இது: "கட்டினவன் நீ. நீயே வந்து, இந்த ஊட்டுல, என் எதிர்ல அவுரு. வேற ஒருத்தி கை படக்கூடாது. கீழ வைக்கக்கூடாது. என் கையில குடு. அவ்ளோதான் எனுக்கு."

சபையில் வழக்கம் வேறு. போதகரின் துணைவியார் வேண்டுதல் செய்ய, பெண்கள் கூடத்திலேயே கழற்றுவார்கள். கணவர் அம்மா கேட்டதை என்னிடம் சொல்லி, என்னையும் அழைத்துக்கொண்டு போதகரிடம் போனார். வீட்டில் பெரியவர்கள் முன்னிலையில் செய்வது சடங்குபோல் ஆகிவிடாதா என்று போதகர் தயங்கினார்.

"என்னத் தலைன்னு சொன்னது நீங்கதான பாஸ்டர்? இது எங்க ஊட்டு விசயம். நான் எங்க அத்தைக்கு வாக்கு குடுத்துட்டேன்."

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நல்லா புடிச்சீங்க பிரதர். பிரசங்கம் பண்ணும்போது இது தோணல" என்றார். பிறகு சிரித்தார். நாங்கள் போவதற்கு முன், என் அம்மாவின் கால் புண் ஆறவேண்டுமென்று எழுந்து நின்று வேண்டிக்கொண்டார். தாலியைப் பற்றி அந்த வேண்டுதலில் ஒன்றும் சொல்லவில்லை.

அவிழ்த்தது ஒரு காலை வேளையில். எங்கள் ஊர் வீட்டின் நடு அறையில் நான் பாயில் உட்கார்ந்தேன். அம்மா கட்டிலில் இருந்தார். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் விளக்கேற்றுவார்கள். அண்ணி தீப்பெட்டியை எடுத்தபோது அம்மா, "வை. அவுங்களுக்கு ஆவாது" என்று தடுத்தார். என் கணவர் எதைத் தொடங்கும்முன்னும் வாய்விட்டு வேண்டிக்கொள்பவர். அன்று அம்மாவைப் பார்த்துவிட்டு வாய்திறவாமல் இருந்தார். விளக்கும் இல்லை, வேண்டுதலும் இல்லை. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததில் அந்த அறை வெறுமையாக இருந்தது. ஆயினும் எனக்கு வெறுமையாகத் தோன்றவில்லை.

மஞ்சட்கயிற்றின் முடிச்சு மஞ்சளும் வியர்வையும் ஏறிக் கல்லாய் இறுகியிருந்தது. கயிற்றை அவ்வப்போது மாற்றிக் கட்டுபவள் நான்தான்; ஆகவே இறுக்கியவளும் நானே. பொறிகளைக் கழற்றிப் பழகிய அவர் விரல்கள் தடித்தவை; அந்தச் சிறு முடிச்சில் வழுக்கின. அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

"இன்னாடி இப்படிக் கட்டி வச்சிகீற? எவன் தூக்கிக்கினு போவப்போறான்?"

"உங்கள நம்பித்தான் கட்டினேன். நீங்களே அவுப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

நேரம் போவதைப் பார்த்த என் அண்ணன் உதவியாக எண்ணி உள்ளேயிருந்து ஒரு பிளேடைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா மச்சான், இதால ஒரு இழு. ஆச்சி."

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார். புண்ணான காலை ஊன்றி நின்று, "அடப்பாவி! எடுத்துக்கினு போடா உள்ள! அறுக்கறதுக்கு அவ இன்னா..." என்று கத்தியவர் சொல்லை முடிக்கவில்லை. அறுப்பது எப்போது, எவர்க்கு என்பது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணன் முகம் வெளிறி உள்ளே ஓடினார். பிளேடு எங்கோ விழுந்த ஓசை மட்டும் கேட்டது.

"உக்காரு அத்தே, கால்ல ரத்தம் வருது" என்றார் கணவர். பிறகு அண்ணியிடம், "கொஞ்சம் தேங்காண்ண குடு. துரு புடிச்ச நட்டுக்கு வேற வைத்தியம் இல்ல" என்றார். எண்ணெயை ஒரு துளி முடிச்சில் விட்டு, பொறுத்திருந்து, நகத்தால் இழை இழையாகத் தளர்த்தினார். அவிழ்ந்ததும் அதைக் கீழே தழையவிடாமல் இரு கைகளிலும் ஏந்தி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவர் முகத்தைத்தான் பார்த்தார். மங்கிய கண்ணால் வெகுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டு, "சேவ் பண்ணிக்கினு வரக்கூடாதா?" என்றார்.

அதன்பிறகு நடந்த ஒன்றால்தான் கதைகள் கிளம்பின. கும்மிடிப்பூண்டியில் எங்கள் உறவினர் ஒருவர் இருக்கிறார். கணவருக்கு அத்தை முறை. பேருந்து நிறுத்தத்தில் நான் வெறுங்கழுத்தோடு நிற்பதை ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறார். தெருவில் வைத்து ஒரு பெண்ணிடம் கேட்கிற செய்தியா அது? கேட்காமலே போய், வேறு இருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு ரோசா மாலையும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளியில் இருந்தேன். இரவு வேலை முடிந்து வந்த கணவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். பின்வருவதை எதிர்வீட்டுப் பெண் கண்டு சொன்னார். கணவர் சொன்னதும் இதுவே.

வாசலில் மூவரும் மாரடித்து அழுதார்கள். "ராசா, போய்ட்டியே! ஒரு பூச்சி புழுவக்கூட வய்ய மாட்டியே!"

கதவு திறந்தது. லுங்கியோடு அவர் நின்றார். "யாரு அத்தே செத்தது?"

"நீதான்டா!"

"நான் காலைலதான் நைட் ஷிப்டு முடிச்சிக்கினு வந்தேன்."

அழுகை நின்று வசவு தொடங்கியது. உயிரோடு இருப்பவன் பெண்டாட்டி ஏன் அப்படி நிற்கிறாள், மானம் போயிற்று, மாலைக்கும் ஆட்டோவுக்கும் செலவு, நெஞ்சே நின்றுவிட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "அவள ஒண்ணும் கேக்காதீங்க. அவுத்தது நானு. தலைன்னு ஒண்ணு இருந்தா கொட்டு அதுலதான் உழும். கொட்டுங்க" என்று குனிந்தாராம். அந்த அத்தை உண்மையாகவே ஒரு குட்டு வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "நாஷ்டா பண்ணியா இல்லியா?" என்று கேட்டார். நான் மாலை வீடு திரும்பியபோது வண்டியின் கைப்பிடியில் பெரிய ரோசா மாலை தொங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு வாங்கினதுதான, அத ஏன் வீணாக்கணும்?" என்றார்.

திருமுழுக்கு ஓர் ஏரியில் நடந்தது. அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன், வருவார் என்று எண்ணவில்லை. அம்மா அண்ணியோடு ஆட்டோவில் வந்து, கரையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே உட்கார்ந்தபடி பார்த்தார். நான் வெள்ளைப் புடவையோடு நீரில் இறங்கினேன். கணவர் முழங்காலளவு நீரில் நின்றார். போதகர் என்னை முழுக்கி எழுப்பியதும் கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஐயா, போதும்! இன்னொரு தபா முக்காதீங்க. அவளுக்குச் சளி ஒத்துக்காது!" பாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். போதகரும் சிரித்து, "ஒரே தபாதாம்மா" என்றார்.

நான் ஆட்டோவருகே போனேன். அம்மா ஒரு துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னைக் குனியச் சொல்லி, சிறுமிக்குச் செய்வதுபோல் தலையைத் துவட்டினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்து புதிய மஞ்சட்கயிறு ஒன்றை எடுத்தார். அது இருப்பது எனக்குத் தெரியாது, கணவருக்கும் தெரியாது. அவர் ஈரக் காலோடு வந்து நின்றார். கயிற்றைக் கண்டார், பின்னால் சபையார் வருவதையும் கண்டார்.

"கட்டறதுன்னா கட்டு அத்தே. பாஸ்டருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அம்மா கட்டியிருந்தால், சபையில் அவரை அதற்குப்பின் ஒதுக்கியிருக்கக் கூடும். அதை அறிந்தே சொன்னார். நான் கழுத்தை நீட்டவும் இல்லை, விலக்கவும் இல்லை. அம்மா கயிற்றை விரலில் சுற்றினார்.

"வாணாம். நீ எதிர்ல நிக்கற இல்ல, அது போதும்" என்றார். என் ஈரக் கூந்தலை அள்ளி, அந்தக் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினார். "காயறதுக்குள்ள அவுக்காத."

அவ்விதம் நான் முழுக்கும் பெற்றேன், அம்மாவையும் இழக்கவில்லை. அதற்குப் பின்னர் ஊருக்குப் போகும்போதெல்லாம் வெறுங்கழுத்தோடுதான் போனேன். எவராவது என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தால் அம்மா முந்திக்கொண்டு, "என் மருமவன் நல்லாத்தான் கீறான். வேற இன்னா வோணும் உனுக்கு?" என்பார்.

பின்னொரு கோடையில் கணவருக்கு நெஞ்சுவலி வந்து சென்னையில் மருத்துவமனையில் சேர்த்தோம். அம்மா அண்ணனோடு வந்து, அவர் படுக்கையருகே உட்கார்ந்து, அவர் தலைமேல் கைவைத்தபடி வெகுநேரம் இருந்தார். கணவர் தேறி வீடு வந்தார். சிறிது காலத்தில் வேலைக்கும் போனார். அவ்வாண்டு ஆடியில் அம்மா, நடக்கவே இயலாத காலோடு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரியபாளையம் போய்வந்தார். அடுத்த தை பிறக்குமுன் இறந்தார்.

அம்மாவின் இரும்புப் பெட்டியை அண்ணி என் முன்னிலையில்தான் திறந்தார். புடவைகள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, ஒரு சுருக்குப்பை. என் தாலி அதில் இல்லை. விற்கவில்லை என்கிறார் அண்ணன். அம்மாவுக்குக் கடை வரை நடக்கவே முடியாது என்பதால் அது உண்மையாகவே இருக்கும். கோயிலுக்கு உடன்போன பெண்ணைக் கேட்டேன். அம்மா உண்டியல் அருகே நின்று மூடிய கையை உள்ளே விட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். கையில் இருந்தது என்னவென்று பார்க்கவில்லை. காசாகவும் இருக்கலாம் என்றார்.

கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அன்றைய மாலை வேண்டுதலில் அம்மாவின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் சொல்லத் தெரியாமல் நிறுத்தி, ஆமென் என்றார்.

தாலி இப்போது எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அம்மா அதை உண்டியலில் இட்டாரா என்பது தெரியாது. இட்டிருந்தால், என் கணவர் உயிரைக் கேட்டு இட்டாரா, அது கிடைத்துவிட்டதற்காக இட்டாரா என்பதும் தெரியாது.